இரண்டு சைக்கிள்

அடி அண்ணாமலை
12.7.1998

அன்புள்ள வேதா,

நீயும் உன் வீட்டாரும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நலமறிய ஆவல். யாருடைய கடிதம் என்று கையெழுத்தைப் பார்த்ததுமே தெரிந்திருக்கும். கல்லூரியில் இரண்டு வருடம் என் நோட்டைப் பார்த்துத்தானே எழுதினாய்.

கீழ்பென்னாத்தூருக்கு பஸ் ஏறினால் முக்கால் மணி நேரம்தான். இந்த ஆறு வருடத்தில் ஒரு தடவைகூட நான் வரவில்லை. அதற்குக் காரணம் எழுத உட்கார்ந்து இரண்டு தாள் வீணாகிவிட்டது. இது மூன்றாவது.

நான் இப்போது செங்கம் சாலையில் ஒரு நர்சரிப் பள்ளியில் இரண்டாம் வகுப்பு டீச்சர். போகும் வழியில் இருசப்பனின் வாடகை சைக்கிள் கடை அப்படியே இருக்கிறது. ஆசிரமத்துக்கு வரும் வெள்ளைக்காரப் பெண்களுக்காக அவர் லேடீஸ் சைக்கிள் வைத்திருந்தார், ஞாபகம் இருக்கிறதா? கடையில் எப்போதும் ஆண்கள் நிற்பார்கள் என்று நான் வெட்கப்பட்டுக்கொண்டு தூரத்தில் புளியமரத்தடியில் நின்றுவிடுவேன். நீ போய், கைக்கு ஒன்றாக இரண்டு சைக்கிளையும் தள்ளிக்கொண்டு வருவாய், சந்தையில் ஜோடி மாடு பிடித்து வருகிற மாதிரி.

தாவணியை இழுத்துச் செருகிக்கொண்டு எத்தனை ஊர் போனோம். தண்டராம்பட்டு தாண்டிக் கிளைச் சாலையில் திரும்பியதும் தார் முடிந்து சரளை ஆரம்பிக்கும். பல்லெல்லாம் ஆடும். பேசினால் குரல் நடுங்கும் என்று நீ வேண்டுமென்றே பாடிக்கொண்டு வருவாய். ஏற்றத்தில் இறங்கித் தள்ளும்போது திரும்பிப் பார்த்தால் நம்முடைய மலை ஒவ்வொரு வளைவிலும் வேறு மாதிரி தெரியும். ஒரு இடத்தில் ஒற்றைச் சிகரம், இன்னொரு இடத்தில் மூன்று.

போன வாரம் உன் அண்ணன் பள்ளிக்கு வந்திருந்தார். அவர் மகள் இனியா என் வகுப்பில்தான் படிக்கிறாள். அவளிடம் சொன்னார்: "டீச்சரப் பாரு, எவ்ளோ அடக்கமா இருக்காங்க. இவங்கள மாதிரி வரணும். உங்க அத்த மாதிரி சைக்கிள் எடுத்துக்கினு ஊர் சுத்தக் கூடாது."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அதையும் அடக்கம் என்றே நினைத்திருப்பார்.

பதில் எழுதுவாயா?

உன்
அன்புச்செல்வி


கீழ்பென்னாத்தூர்
24.7.1998

அன்புவுக்கு வேதா எழுதுவது.

நலமறிய ஆவல் என்று எழுதியிருக்கிறாய். ஆறு வருட ஆவலைப் பத்திரமாகத்தான் வைத்திருந்திருக்கிறாய்.

இங்கே எல்லோரும் சௌக்கியம். மழை பெய்ததால் மல்லாட்டை விதைத்தாகிவிட்டது. விதைக்கடலை உரித்து உரித்து விரல் நுனியெல்லாம் வலிக்கிறது. மகன் செழியனுக்கு நாலு வயது. என் வீட்டுக்காரர் புகழேந்தி அதிகம் பேச மாட்டார், நல்ல மாதிரி. மாமியார் மணியம்மாள் அவருக்கும் சேர்த்துப் பேசுவார். நான் வருவதற்கு முன்பே என் கதை இந்த வீட்டுக்கு வந்துவிட்டது. குழம்பில் உப்பு கம்மி என்றாலும், "ரெண்டு சைக்கிள்காரிக்கு அடுப்புவேல எங்கேர்ந்து வரும்?" என்பார். ஒரு சைக்கிளை நான் ஓட்டினேன், இன்னொன்றை ஓட்டினவன் யார் என்பது அவருக்கு இன்றைக்கும் தெரிந்தாக வேண்டும்.

வீட்டில் ஒரு சைக்கிள் நிற்கிறது. துடைத்து வைப்பதோடு சரி, நான் ஏறியதில்லை. இங்கிருந்து செஞ்சிக் கோட்டை பக்கம்தான். அதற்கும் போனதில்லை. கடைசியாக நாம் போன அன்றைக்கு சைக்கிளிலிருந்து விழுந்தபோது முட்டியில் புகுந்த சரளைக்கல் ஒன்று இன்னும் தோலுக்குள் கறுப்பாக இருக்கிறது. செழியன் தடவிப் பார்த்து, "உள்ள கல்லு எப்டிம்மா போச்சு?" என்று கேட்பான்.

நான் ஒன்று கேட்க வேண்டும். அன்றைக்கு அடி வாங்கும்போது வீட்டில் ஒரே பதிலைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னேன்: "அன்புதான் கூட வந்தா. அவளப் போய்க் கேளுங்க." மறுநாளுக்குப் பிறகு யாரும் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. படிப்பை நிறுத்தி மாப்பிள்ளை பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள்.

உன்னை வந்து கேட்டார்களா? கேட்கவே இல்லை என்றுதான் இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருக்கிறேன். அப்படி நினைத்தால் மனசுக்குக் கொஞ்சம் சுலபமாக இருக்கிறது.

வேதா


அடி அண்ணாமலை
2.8.1998

அன்புள்ள வேதா,

கேட்டார்கள்.

எல்லாவற்றையும் எழுதிவிடுகிறேன். அன்று எடுத்தனூர் நடுகல்லைப் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தோம். எருமைகளைக் காக்க நின்று செத்தவனையும், கள்ளர் இருவரைக் கடித்துவிட்டு அவனை விட்டுப் போகாமல் காத்திருந்த அவன் நாயையும் செதுக்கிய கல். நாய்க்கும் கோவிவன் என்று பெயர் வெட்டியிருப்பதை வகுப்பில் கேட்டதிலிருந்து அதைப் பார்த்தே ஆகவேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாய். திரும்பும்போது அந்த இறக்கத்தில், "சரளையில பிரேக் புடிக்காத, நேரா வுடு" என்று பின்னாலிருந்து கத்தினாய். நான் பயந்துபோய்ப் பிடித்துவிட்டேன். என்மேல் மோதாமல் இருக்க நீ ஹேண்டில்பாரை ஒடித்தாய். விழுந்தது நீ. எனக்கு ஒரு கீறல்கூட இல்லை.

மறுநாள் சாயங்காலம் உன் அண்ணன் எங்கள் வீட்டுக்கு வந்தார். அப்பா பௌர்ணமி கிரிவலக் கடைக்காகக் கற்பூரத்தைப் பொட்டலம் மடித்துக்கொண்டிருந்தார்.

"இருசப்பன் கடையில ரெண்டு சைக்கிள் எடுத்திருக்கா. கூட எந்தப் பொண்ணையும் பாக்கலன்றாரு. நீ போனியாம்மா?"

இருசப்பன் என்னைப் பார்த்திருக்க முடியாது. நான்தான் புளியமரத்தடியிலேயே நின்றுவிடுவேனே.

அப்பாவின் கை அப்படியே நின்றது. கல்லூரியில் சேர்த்த அன்று அவர் சொன்னது என் காதில் இருந்தது: "உன்னப் பத்தி ஒரு பேச்சு வந்துச்சுன்னா அன்னிக்கே நிறுத்திடுவேன்."

"இல்லீங்க, நான் காலேஜ்ல இருந்தேன்" என்றேன்.

உன் அண்ணன் கொஞ்ச நேரம் நின்றார். நான் மாற்றிச் சொல்வேன் என்று எதிர்பார்த்த மாதிரி இருந்தது. பிறகு போய்விட்டார். அப்பா மறுபடியும் மடிக்க ஆரம்பித்தார்.

உன் கல்யாணத்தன்று மண்டப வாசல் வரை வந்தேன். நாதஸ்வரச் சத்தம் கேட்டது. திரும்பிவிட்டேன். அடுத்த வருடம் எங்கள் பரம்பரையிலேயே முதல் பட்டதாரி என்று எனக்கு மாலை போட்டுப் படம் எடுத்தார்கள். கூடத்தில் மாட்டியிருக்கிறது. அந்தப் பக்கம் பெருக்கும்போது நான் நிமிர்வதில்லை.

ஒரு நாய்கூட நின்றது, வேதா.

மன்னிப்புக் கேட்டால் நீ ஏதாவது பதில் சொல்ல வேண்டியிருக்கும். அதனால் கேட்கவில்லை.

அன்புச்செல்வி


அடி அண்ணாமலை
23.8.1998

அன்புள்ள வேதா,

உன் கடிதம் வரவில்லை. தபால்காரரைக் கேட்பதை இந்த வாரத்தோடு நிறுத்திக்கொண்டேன். இதற்கும் நீ பதில் எழுத வேண்டாம். நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

அப்பாவிடம் முதலில் சொன்னேன். இரண்டு நாள் என்னிடம் பேசவில்லை. மூன்றாம் நாள், "அந்தப் பொண்ணு வூட்ல போய்ச் சொல்லிட்டியா?" என்று மட்டும் கேட்டார்.

உன் அண்ணனுடைய அரிசிக் கடைக்குப் போனேன். ஒரு அம்மாள் அரிசியைக் கையில் அள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் சொல்லி முடித்ததும் உன் அண்ணன் கேட்டார்:

"அப்ப அன்னிக்கு ஏம்மா இல்லன்ன?"

"பயந்துட்டேங்க."

"மெதுவாப் பேசு, ஆள் இருக்காங்க." பிறகு சாக்கின் வாயைச் சுருட்டிக்கொண்டே, "அப்பா போய்ச் சேந்துட்டாரு. அவருகிட்ட இப்ப யாரு போய்ச் சொல்றது?" என்றார்.

"இருக்கிறவங்ககிட்ட சொல்லலாங்க."

என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. அவர் அந்த அம்மாளுக்கு அரிசி அளக்கத் திரும்பிவிட்டார். மறுநாள் பள்ளிக்கு வந்து இனியாவை பி பிரிவுக்கு மாற்றிக்கொண்டு போய்விட்டார். வராந்தாவில் என்னைப் பார்த்தால் அவள் கையசைக்கிறாள்.

அன்புச்செல்வி


கீழ்பென்னாத்தூர்
10.9.1998

அன்பு,

ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வந்தார், இனியாவையும் கூட்டிக்கொண்டு. அப்பாவின் காரியத்தில் பார்த்துக்கொண்டதுதான், அதற்குப் பிறகு இப்போதுதான். ஒரு சீப்பு வாழைப்பழம் கொடுத்தார். மோர் குடித்தார். மல்லாட்டை எப்படி வந்திருக்கிறது என்று கேட்டார். கிளம்பும்போது வாசலில் நின்று என் மாமியாரிடம், "அந்த ரெண்டாவது சைக்கிளு, அன்புச்செல்வினு ஒரு பொண்ணுங்க. கூடப் படிச்சது" என்றார். என் முகத்தை அவர் பார்க்கவில்லை.

மாமியார் விடுவாரா? "இத்தச் சொல்ல உனக்கு ஆறு வருசம் ஆச்சா? நல்ல அண்ணன்தான்பா நீ" என்று அவரையே பிடித்துக்கொண்டார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்புறம் மோட்டார் கொட்டகைக்குப் போய் அழுதேன்.

உன் ஆகஸ்டு கடிதங்கள் இரண்டும் என்னிடம்தான் இருக்கின்றன. மன்னித்துவிட்டேன் என்று எழுதிப் பார்த்தேன். படித்தபோது பொய்யாக இருந்தது, கிழித்துவிட்டேன். பிரேக் பிடித்ததை விடு, அது பயத்தில் யாருக்கும் வரும். மற்றதை அப்படி விட முடியவில்லை. மாலை போட்ட அந்தப் படத்தில் உன் பக்கத்தில் நானும் நின்றிருக்க வேண்டியவள்.

ஆனால் அந்த நாயை இன்னொரு தடவை பார்க்க வேண்டும் போல் இருக்கிறது. இருபதாம் தேதி ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில் வருகிறேன். வீட்டுக்காரரிடம் சொன்னேன். "டயர்ல காத்து பாத்து எடுங்க" என்றார். அவர் இவ்வளவு பேசியதே ஜாஸ்தி.

இந்தத் தடவை கடைக்கு நீ போக வேண்டும். இரண்டையும் உன் பெயரில் எடு. இரண்டையும் நீயே தள்ளிக்கொண்டு வா. புளியமரத்தடியில் நான் நிற்கிறேன்.

வேதா


அடி அண்ணாமலை
16.9.1998

வேதா,

போஸ்ட் கார்டில்தான் எழுதுகிறேன். யார் படித்தாலும் படிக்கட்டும்.

இன்று இருசப்பன் கடைக்குப் போனேன். நாலைந்து ஆண்கள் நின்றிருந்தார்கள். ஞாயிறு காலைக்கு இரண்டு லேடீஸ் சைக்கிள் வேண்டும் என்றேன். "பேர் இன்னாம்மா?" என்றார். சொன்னேன். "காதுல வுழல, சத்தமாச் சொல்லு" என்றார்.

மறுபடியும் சொன்னேன்.

அன்புச்செல்வி