இரண்டு பட்டியலிலும் இல்லாத பாட்டு

அன்புள்ள மாமா,

இன்று காலை அம்மா உங்கள் கிளினிக் பையைத் துவைக்க எடுத்தார். உள்ளே இருந்த போர்வையை உதறியபோது உங்கள் ஹெட்போன் தரையில் விழுந்தது. காதில் படும் பஞ்சை முகர்ந்து பார்த்தேன். தலைவலித் தைலம். மூன்று மாதம் ஆகியும் வாசனை போகவில்லை. "இத நீயே வச்சுக்கோ" என்று என்னிடம் தந்துவிட்டு, அம்மா குழாயை வேகமாகத் திறந்துவிட்டார். அழுவது எனக்குக் கேட்கக்கூடாது என்பதற்காகத்தான் இருக்கும்.

உங்களுக்கு நான் ஒரு தீர்ப்புச் சொல்ல வேண்டியிருந்தது. கடைசிவரை சொல்லவில்லை. வெள்ளிக்கிழமைக்குள் அதை எப்படியும் சொல்லியாக வேண்டிய நிலை இப்போது. ஏன் என்று கடைசியில் எழுதுகிறேன்.

வாரத்தில் மூன்று நாள், பள்ளி முடிந்ததும் நேராக டயாலிசிஸ் கிளினிக்குக்கு வந்துவிடுவேன். அம்மா சிங்கப்பூரில் வேலை முடிந்து பாலத்தைக் கடந்து வரும்வரை அதுதான் நம் இருவருக்கும் வீடு. உங்கள் கையிலிருந்து இரத்தம் குழாய் வழியாக இயந்திரத்துக்குள் போய்ச் சுத்தமாகித் திரும்ப நான்கு மணி நேரம் பிடிக்கும். நான் பக்கத்து நாற்காலியில் கதைப்புத்தகம் படிப்பேன். நீங்கள் கழுத்துவரை போர்த்திக்கொண்டு டெக்னோ இசை கேட்பீர்கள். ஹெட்போனைத் தாண்டி அது கசியும். டும் டும் டும் டும். பாடுகிறவர் இல்லை, வரிகள் இல்லை, முடிவும் இல்லை. போர்வையின் நுனியில் உங்கள் கால்விரல்கள் மட்டும் ஏறி இறங்கும். நர்ஸ் மிஸ்ஸி அதைப் பார்த்துவிட்டு, "என்னங்க அண்ணே, படுத்துக்கிட்டே கோயிலுக்குப் போறீங்களா?" என்று கேட்பார்.

அவருக்குத் தெரியாது, நீங்கள் உண்மையிலேயே அப்படி ஆடியவர் என்று. பாசிர் கூடாங்கில் பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட் முடித்துவிட்டு, தொழிற்சாலைப் பஸ்ஸிலிருந்து இறங்கி, வீட்டுக்கு வராமல் கோயில் திருவிழாவில் உறுமி மேளத்துக்கு முன்னால் போய் நின்றவர். அம்மா தேடி வந்து சட்டையைப் பிடித்து இழுத்துப்போவாராம்.

ஒருநாள் நான் புத்தகத்தை மூடிவிட்டுக் கேட்டேன். "ஒரே மாதிரியே போகுதே மாமா. போர் அடிக்கலையா?"

"உறுமி மேளத்த யாராச்சும் போர்னு சொல்றாங்களா?"

"அது ஆடுறதுக்கு. யாரும் உக்காந்து கேக்க மாட்டாங்க."

"அலமாக்! வாத்தியாரம்மா பாயிண்ட்ட புடிச்சிட்டாங்க லா." ஹெட்போனைக் கழுத்துக்கு இறக்கினீர்கள். "அதத்தான் நானும் பாக்குறேன். இப்ப ஆட முடியாது. ஆட்டத்த எடுத்துட்டா பாட்டு நிக்குதா, விழுந்துருதான்னு."

அன்றுதான் உங்கள் கைப்பேசியில் இருந்த இரண்டு பட்டியல்களைக் காட்டினீர்கள். ஒன்றின் பெயர் 'ஆட'. மற்றதன் பெயர் 'உட்கார'. ஆடித் திரிந்த காலத்துப் பாட்டுகள் அத்தனையையும் ஒவ்வொன்றாக அந்தச் சாய்வு நாற்காலியில் வைத்துச் சோதித்திருந்தீர்கள். நூற்றுக்கணக்கானவை 'ஆட'வுக்குள் போய்விட்டன. 'உட்கார'வுக்கு வந்தவை பதினொன்று. ஒரு பாட்டை நகர்த்தும்போது உங்கள் முகம் வாடியதைப் பார்த்தேன். "இது நம்ம உயிர் பாட்டு. ஆனா உக்காந்து கேட்டா உள்ள ஒன்னுமே இல்ல லா" என்றீர்கள்.

தன் உயிர்ப் பாட்டைத் தானே தோற்கடிக்கிற ஒருவரை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அதை நான் கவனித்திருக்க வேண்டும். கவனிக்காமல் கட்டுரை எழுதினேன்.

பள்ளித் தமிழ் மொழிக் கழகத்தின் போட்டி அது. இசை எது, இரைச்சல் எது என்று எழுதினேன். திரும்பத் திரும்ப விழும் அடி கேட்பவரின் சிந்தனையைத் தூங்கவைக்கிறது என்றேன். உதாரணம் வேண்டுமே? "எனக்குத் தெரிந்த ஒருவர் நாற்காலியில் சாய்ந்து, கண்களை மூடி, மணிக்கணக்கில் இதில் மூழ்கிக் கிடக்கிறார்" என்று ஒரு பத்தி. முதல் பரிசு கிடைத்தது. பரிசோடு நேராகக் கிளினிக்குக்கு வந்து உங்களுக்கே அதை வாசித்துக் காட்டினேன். எனக்கு எவ்வளவு பெருமை அன்று! மிஸ்ஸி கைதட்டினார்.

நீங்கள் அந்தப் பத்தியை மட்டும் இன்னொரு முறை வாசிக்கச் சொன்னீர்கள்.

"அந்த ஒருவர் நான்தானே?"

எனக்குக் காது சூடாகிவிட்டது.

"தமிழ் சூப்பரா இருக்குமா. ஒன்னே ஒன்னு கேக்குறேன். நீ ஒரு பாட்டாச்சும் முழுசா கேட்டியா?"

"கொஞ்சம் கேட்டேன்."

"கொஞ்சம்னா?"

"ரெண்டு நிமிஷம்."

நீங்கள் சிரித்த சிரிப்பில் ஊசி குத்திய கை ஆடி, இயந்திரம் கத்தத் தொடங்கிவிட்டது. மிஸ்ஸி ஓடிவந்து உங்கள் கையை அமுக்கி, "சிரிக்கணும்னா வீட்டுக்குப் போய் சிரிங்க" என்று அதட்டினார். அவர் போனதும் நீங்கள், "அட்டைய பாத்துட்டு புக்க பத்தி எழுதுன மாதிரி இருக்கு" என்றீர்கள். கோபமே இல்லை உங்கள் குரலில். கோபம் இருந்திருந்தால் நான் வாதாடியிருப்பேன்.

பிறகு ஒரு பாட்டைக் காட்டினீர்கள். ஒரு மணி நேரத்துக்கும் மேல் ஓடக்கூடியது. இரண்டு பட்டியலிலும் அது இல்லை. "இது மட்டும் எனக்கே முடிவு பண்ணத் தெரியல. நீ முழுசா கேட்டு சொல்லு, எதுல போடணும்னு. புக்கு இல்லாம கேக்கணும், ஆமா."

சரி என்றேன். முதல் முயற்சியில் ஏழாவது நிமிடம் புத்தகத்தைத் திறந்துவிட்டேன். அப்புறம் தேர்வு வந்தது. ஒவ்வொரு முறையும் நீங்கள், "ஜட்ஜ்மெண்ட் வந்திருச்சா?" என்பீர்கள். "கேஸ் தள்ளி வச்சிருக்கு, மாமா" என்பேன். கடைசி வியாழக்கிழமையும் அதையேதான் சொன்னேன். சனிக்கிழமை காலை, பசியாறிக்கொண்டிருந்தபோது உங்கள் இதயம் நின்றுவிட்டது.

இப்போது பள்ளி ஆண்டு மலரில் அந்தக் கட்டுரையைப் போடப்போகிறார்கள். மாற்றலாமா என்று ஆசிரியையிடம் கேட்டேன். "பரிசு வாங்குன கட்டுரைமா. எதுக்கு மாத்தணும்?" என்றார். "டீச்சர், நான் பாட்ட முழுசா கேக்காமலே எழுதிட்டேன்" என்றேன். "வெள்ளிக்கிழமை வரைக்கும் டைம்" என்றார்.

ஆகவே இன்று மதியம் உங்கள் கைப்பேசியை எடுத்தேன். இந்த மூன்று மாதமும் அதற்குச் சார்ஜ் மட்டும் போட்டுவந்தேன், திறந்ததில்லை. புத்தகங்களை அடுத்த அறையில் வைத்துவிட்டு ஹெட்போனை மாட்டிக்கொண்டேன்.

உங்களிடம் பொய் சொல்ல மாட்டேன், மாமா. முதல் பத்து நிமிடம் எரிச்சலாக இருந்தது. மின்விசிறியைப் பார்த்தேன், நகத்தைப் பார்த்தேன். இருபதாவது நிமிடம் இருக்கும், கண்ணாடிக் குவளையைக் கரண்டியால் தட்டுவது போல ஒரு மெல்லிய ஒலி வந்தது. புதிதாகச் சேர்த்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். பின்னால் தள்ளிக் கேட்டேன். முதல் நிமிடத்திலிருந்தே அது இருந்திருக்கிறது! பாட்டு மாறவில்லை. என் காதுதான் அங்கே போய்ச்சேர அவ்வளவு நேரம் எடுத்திருக்கிறது. புத்தகத்தில் ஒரு பக்கம் முடிந்தால் அடுத்த பக்கம் வந்துவிடும். இங்கே அதே பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டியிருந்தது. சிந்தனை தூங்கிவிடும் என்று எழுதினேனே, அன்றைக்கு அவசரப்பட்டதே என் சிந்தனைதான்.

நாற்பது நிமிடம் தாண்டியபின் அடி நின்றுபோனது. தூரத்தில் இழுபடும் ஒரே ஒரு ஒலி மட்டும் மிச்சம். பேட்டரி தீர்ந்ததோ என்று குனிந்தேன். அப்போதுதான் என் வலது கால் கண்ணில் பட்டது. அது தரையைத் தட்டிக்கொண்டிருந்தது, அதே அளவில். எப்போது தொடங்கியதென்று தெரியாது. காதில் அடி இல்லாத அவ்வளவு நேரமும் அதுவே தனியாகத் தட்டியது. பிறகு பாட்டில் அடி திரும்பி வந்தது. சரியாக என் கால் விழுந்த இடத்தில் வந்து விழுந்தது.

போர்வைக்கடியில் உங்கள் கால்விரல்கள் என்ன செய்துகொண்டிருந்தன என்று அப்போது புரிந்தது.

முடியும்வரை கேட்டுவிட்டு அதை 'உட்கார'வில் போட்டேன். பன்னிரண்டாவது பாட்டு. "கால் ஆடுச்சே, அப்ப 'ஆட' பட்டியல்தானே?" என்று நீங்கள் வம்புக்கு வருவீர்கள். வாருங்கள். நான் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை, மாமா.

கட்டுரையில் அந்தப் பத்தியை அடித்துவிட்டேன். எல்லா டெக்னோவும் நல்ல இசை என்று எழுதவில்லை. நீங்களே அப்படிச் சொன்னதில்லை. உங்கள் இரண்டு பட்டியல்களைப் பற்றி எழுதியிருக்கிறேன். "எனக்குத் தெரிந்த ஒருவர்" என்று இருந்த இடத்தில் இப்போது "என் மாமா" என்று இருக்கிறது.

ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டுத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். பாட்டு முடிந்து நெடுநேரம் ஆகிறது. மேசைக்கடியில் என் கால் இன்னும் நிற்கவில்லை.