பீலிச் சந்தின் ஒரு கேள்வி

1922 ஜூன் 5, திங்கள்

இன்று மழை இல்லை. வறண்ட கச்சான் காற்று அடிக்கிறது.

இந்த இரண்டு வாக்கியம் எழுதி முடிப்பதற்குள் தேத்தண்ணி ஆறிவிட்டது. ஆறட்டும். நான் எழுதியதை நானே திரும்ப வாசித்தேன். சரியாக இருக்கிறது. காற்றும் அடித்துக்கொண்டுதான் இருக்கிறது.

தையற்கடை இத்ரூஸ் தை மாதம் தொடங்கி எனக்கு எழுத்துச் சொல்லித் தருகிறான். துணி வெட்டும் சுண்ணாம்புக் கட்டியால் கறுப்புத் துணியில் எழுதிக் காட்டுவான். எனக்கு ழ பிடிக்கும். எழுதும்போது கை தானாக வளைந்து போய் ஒரு மூலையில் நிற்கிறது. அறுபத்தைந்து வயதுவரை இது தெரியாமல் இருந்தேனே என்று வருத்தம் இல்லை. இப்போது தெரிகிறது, அதுவே பெரிய சந்தோசம்.

ஜூன் 8, வியாழன்

லெட்சுமி வந்து செய்தி சொன்னாள். ஊர்க் காரியம் பார்க்கும் சர்க்கார் போர்டு நம்முடைய பீலியை அடைக்கப் போகிறதாம்.

பீலி என்பது சந்தின் அடியில் கல்லிடுக்கிலிருந்து மூங்கில் வழியாக விழும் தண்ணீர். குடிக்க, குளிக்க, எல்லாவற்றுக்கும் அதுதான். அதற்கு மேலே மாட்டுப்பட்டி இருக்கிறது, தண்ணீர் சுத்தமில்லை என்கிறார்களாம். பொய் என்று சொல்ல முடியாது. போன வருசம் வயிற்றோட்டத்தில் சந்தில் இரண்டு பிள்ளைகள் போயின. அதற்குப் பதிலாகக் குழாய் வரும். நல்ல குழாய், மலையிலிருந்து இரும்பில் வரும் தண்ணீர். ஆனால் அதை மேல் கடைவீதியில் தர்மலிங்கம் பிள்ளையின் கடைக்கு முன்னால் வைப்பார்கள்.

லெட்சுமி வண்டிக்காரர்களுக்குத் தோசை சுட்டு விற்கிறவள். புருசன் இல்லை, இரண்டு பெண்பிள்ளைகள். “மேலே கெணத்துல நமக்கு எப்பிடின்னு தெரியுமில்ல?” என்றாள்.

தெரியும். மேல் கடைவீதிக் கிணற்றுக் கயிற்றை நம் சந்துப் பெண்கள் தொடக்கூடாது. குடத்தைத் தள்ளி வைத்துவிட்டு, கடைக்காரர் வீட்டு ஆள் யாராவது மனம் வந்து ஊற்றும்வரை நிற்க வேண்டும். பீலி இருந்ததால் அங்கே போகாமல் இருந்தார்கள்.

“மாவு கரைக்கணும், பாத்திரம் கழுவணும். நாள் பூரா அங்க போய் நின்னா அடுப்பை யார் பாக்குறது? கடையை மூட வேண்டியதுதான்” என்றாள்.

புதன்கிழமை போர்டுத் துரை பதுளையிலிருந்து வருகிறார். ஊர்க்காரர்களைக் கேட்டுத்தான் செய்வாராம்.

ஜூன் 14, புதன்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

விடியும் முன்பே போர்டு ஆள் தப்பு அடித்துக்கொண்டு போனான். சந்தைக் கொட்டகையில் கூட்டம், எல்லாரும் வரவும் என்று. நம் சந்தில் எல்லாருமே தேயிலைத் தோட்டத்தில் இருந்து வந்தவர்கள். நான் கங்காணியாக இருந்தபோது என் கையின் கீழ் வேலை செய்தவர்கள்தான் பாதிப் பேர். தோட்டத்தில் பெரட்டுக்கு, ஆள் கணக்கெடுக்க, அப்படித்தான் கூப்பிடுவார்கள்; விடியலில் தப்புச் சத்தம் கேட்டால் கால் தானாகக் கிளம்பும். போனோம். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம், உயரப்படி வரிசையாக நின்றோம். யாரும் நிற்கச் சொல்லவில்லை. நான் முன்னால் நின்றேன். கங்காணி நிற்கிற இடம் அதுதானே.

மேல் கடைவீதிக்காரர்கள் வாங்குப் பலகைகளில் உட்கார்ந்திருந்தார்கள்.

துரை வந்தார். இளவயசு, மூக்கு சிவந்திருந்தது. ஏதோ சொன்னார். மொழிபெயர்க்கிற முதலியார், “கேள்வி இருக்கிறவங்க கேக்கலாம்” என்றார். துரை என்னைப் பார்த்தார். நான் தலைப்பாகையை எடுத்துவிட்டு, “எல்லாரும் வந்துட்டாங்க தொரை” என்றேன்.

துரை சிரித்தார். வேறு யாரும் வாய் திறக்கவில்லை. கங்காணி பேசிவிட்டால் பெரட்டில் ஆட்கள் பேசுவது கிடையாது. பேர் கூப்பிட்டால் மட்டும் சத்தம் கொடுப்பார்கள். பேர் கூப்பிடவில்லை. நாங்கள் அதற்குத்தான் காத்து நின்றோம் என்று நினைக்கிறேன்.

முதலியார் எழுதிக்கொண்டார்: யாருக்கும் ஆட்சேபனை இல்லை. தர்மலிங்கம் பிள்ளை எழுந்து துரைக்கு நன்றி சொன்னார். கூட்டம் முடிந்தது. நாங்கள் வரிசையாகவே திரும்பி வந்தோம்.

ஜூன் 15, வியாழன்

காலையில் லெட்சுமி வாசலில் நின்றாள்.

“என்னாங்க கங்காணி, நாங்க அங்க பேர் போடவா வந்தோம்? கொழுந்து எடுக்கவா வந்தோம்?”

“நீயும்தானே வரிசையில நின்ன?”

“நீங்க முன்னால போய் நின்னா நான் எங்க நிக்கிறது? ஒங்க தலைக்கு மேலயா?”

நியாயம்தான்.

ஜூன் 20, செவ்வாய்

சந்தைக் கொட்டகைத் தூணில் போர்டு ஒரு காகிதம் ஒட்டியிருக்கிறது. யார் உதவியும் இல்லாமல் நானே வாசித்தேன். மூன்று பாசையில் இருந்தது, நடுவில் இருந்தது நம்முடையது. எனக்குப் பின்னால் ஒரு மாடு வந்து நின்றது. அதற்கும் சேர்த்துச் சத்தமாக வாசித்தேன்.

அதில் இருந்தது: எல்லைக்குள் குடியிருப்போர் தங்கள் கேள்விகளை எழுதிக் கொடுத்தால், அடுத்த கூட்டத்தில் பகிரங்கமாக வாசித்துப் பதில் சொல்லப்படும்.

பகிரங்கமாக என்ற வார்த்தையில் கொஞ்ச நேரம் மாட்டிக்கொண்டேன். பிறகு விளங்கியது. எல்லார் முன்னாலும்.

ஜூன் 26, திங்கள்

கேள்வியை நான்தான் எழுத வேண்டும் என்று சந்து முடிவு செய்துவிட்டது. மனு எழுதுகிறவரிடம் போனால் அவர் உட்கார்ந்து எழுதுவது தர்மலிங்கம் பிள்ளையின் கடைத் தாழ்வாரத்தில்தான்.

எழுதினேன். கனம் பொருந்திய தர்மப்பிரபு ஏழை பங்காளர் துரையவர்கள் திருச்சமூகத்துக்கு அடியேன் சாஷ்டாங்கமாக விழுந்து விண்ணப்பம் செய்துகொள்வது யாதெனில் — இதற்கே பக்கம் முடிந்துவிட்டது. அழகாக வந்திருந்தது. லெட்சுமிக்கு வாசித்துக் காட்டினேன்.

“சரி, கேள்வி எங்க?” என்றாள்.

இத்ரூஸ் ஊசியைப் பல்லில் கடித்துக்கொண்டே, “கங்காணி, கை நீளம் எவ்வளவுன்னு கேட்டா நீளத்தைச் சொல்லணும். சட்டையைப் புகழ்ந்துகிட்டு இருந்தா நான் எப்படித் தைக்கிறது?” என்றான்.

மறுபடியும் எழுதினேன். இந்த முறை ஒரே வரி. குழாய் வைத்த பிறகு பீலிச் சந்துக்காரர்கள் அதைத் தங்கள் கையால் தொட்டுத் தண்ணீர் பிடிக்கலாமா?

கீழே என் பேர். எங்கள் ஆட்கள் என்று போடலாமா, நாங்கள் என்று போடலாமா என்று யோசித்தேன். லெட்சுமி பார்த்துக்கொண்டே இருந்தாள்.

“நீங்க இத்தனை வருசமா இந்தச் சந்துல இருக்கீங்க. நம்ம வீட்டுல ஒரு வாய் தண்ணி குடிச்சிருக்கீங்களா?” என்றாள். கோபமாகக் கேட்கவில்லை. விலை கேட்பதுபோலக் கேட்டாள்.

குடித்ததில்லை. நான் வேறு சாதி. எனக்குத் தனிக் குடம் உண்டு.

ஜூலை 1, சனி

காகிதத்தைப் போர்டு கிளாக்கரிடம் கொடுத்தேன். “யார் எழுதினது?” என்றார். நான் என்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்தார். இன்னொரு தடவை கேட்க மாட்டாரா என்று இருந்தது.

ஜூலை 6, வியாழன்

தர்மலிங்கம் பிள்ளை என் வீட்டுக்கு வந்தார். இந்தச் சந்துக்குள் அவர் வந்து நான் பார்த்ததில்லை. குடையை மடக்கி, குனிந்து, சாணி மிதிக்காமல் பார்த்துப் பார்த்து வந்தார். மோசமான மனிதர் இல்லை. என் மனைவி செத்தபோது துணி அவர் கடையிலிருந்துதான் வந்தது. அவர் விலை சொல்லவில்லை. தினமும் பின்னேரம் அவர் கடை வாங்கில் உட்கார்ந்துதான் நான் வெற்றிலை போடுவேன்.

“கங்காணி, கேள்விப்பட்டேன். உங்களுக்கு என்ன தடை? நீங்க தாராளமா தொடலாம். யார் வேண்டாம்னாங்க?”

“எனக்காகக் கேக்கலீங்க.”

“அவங்களுக்கும் வழி வச்சிருக்கேன். காலையிலயும் சாயங்காலமும் என் ஆள் ஒருத்தனை நிறுத்துறேன். அவன் பிடிச்சு ஊத்துவான். காசு வேண்டாம். தொரை முன்னால இதை எடுத்தா ஊர் ரெண்டாகும். கொஞ்சம் யோசிங்க.”

நல்ல மாதிரியாகத்தான் சொன்னார். தேத்தண்ணி கொடுத்தேன், குடித்தார். என் குடத்துத் தண்ணீர்.

போகும்போது வாசலில் நின்று, “வாங்கு உங்களுக்காக எப்பவும் இருக்கு” என்றார். இருக்கும் என்றும் எடுத்துக்கொள்ளலாம், இல்லாமல் போகும் என்றும் எடுத்துக்கொள்ளலாம்.

ஜூலை 7, வெள்ளி

கிளாக்கரிடம் போய்க் காகிதத்தைத் திரும்ப வாங்கிவிடலாமா?

கால் பாதித் தூரம் போனது. இத்ரூஸ் கடை வந்தது. உட்கார்ந்தேன். அவன் மிசினை ஓட்டிக்கொண்டிருந்தான். இருட்டும்வரை அங்கேயே இருந்துவிட்டு வந்தேன்.

ஜூலை 12, புதன்

இந்தத் தடவையும் தப்பு அடித்தார்கள். எழுந்து வெளியே வந்தால் ஆட்கள் வரிசையாக நிற்கிறார்கள். “இன்னிக்குப் பெரட்டு இல்லப்பா, கலைஞ்சு வாங்க” என்றேன். அவர்களுக்குக் கலைந்து நடக்கத் தெரியவில்லை. ஆடுகள் மாதிரி முட்டிக்கொண்டு வந்தார்கள். லெட்சுமி சிரித்துச் சிரித்து இருமினாள்.

கொட்டகையில் முதலியார் கேள்விகளை வாசித்தார். சந்தை விளக்குக்கு எண்ணெய் போதவில்லை என்று ஒன்று. பன்றிகள் பற்றி ஒன்று. மூன்றாவது என்னுடையது. என் எழுத்தை இன்னொருவர் வாயில் கேட்பது இதுதான் முதல் தடவை.

துரை, “யார் இது?” என்றார். எழுந்தேன். தலைப்பாகையை எடுக்கவில்லை. மறந்துவிட்டேன்.

பிள்ளை எழுந்து, அதற்கு ஏற்பாடு இருக்கிறது, ஊற்றுவதற்கு ஆள் போடப் போகிறேன் என்று நயமாகச் சொன்னார். துரைக்கு விளங்கவில்லை. “குழாயில் தண்ணீர் பிடிக்க எதற்கு ஆள்?” என்று கேட்டார். முதலியாருக்கு வியர்த்தது. அவர் மெதுவாக விளக்கினார். துரை மூக்கைத் தேய்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் காகிதத்தையே பார்த்தார். பிறகு சொன்னதை முதலியார் தமிழில் சொன்னார்: “குழாய் போர்டுடையது. எல்லைக்குள்ள இருக்கிற எவரும் தொடலாம், பிடிக்கலாம்.”

பதில் வந்துவிட்டது என்று உட்காரப் போனேன். பின்னால் இருந்து லெட்சுமி குரல்.

“தொரை பதுளைக்குப் போயிருவாரு. மறுநா காலையில ஒருத்தர் வந்து கையத் தட்டிவிட்டா, நான் யார்கிட்டப் போறது?”

இது எழுதிக் கொடுக்காத கேள்வி. முதலியார் மொழிபெயர்க்கலாமா என்று தயங்கினார். துரை கையால் காட்டினார், சொல் என்று. கேட்டுவிட்டு, “தடுத்தால் குற்றம். ஓவசியர் எழுதி எனக்கு அனுப்ப வேண்டும்” என்றார். போர்டு வேலைகளை மேற்பார்க்கும் அந்த ஓவசியர் தரையைப் பார்த்தார். அதையும் முதலியார் எழுதிக்கொண்டார்.

பீலியை அடைப்பது அடைப்பதுதான். குழாய் ஓடத் தொடங்கிய பிறகு அடைப்பார்கள்.

ஜூலை 13, வியாழன்

பின்னேரம் பழக்கத்தில் பிள்ளை கடைக்குப் போனேன். வாங்கின் மேல் அரிசி மூட்டை வைத்திருந்தது. பிள்ளை கணக்கு எழுதிக்கொண்டிருந்தார், நிமிரவில்லை. கொஞ்ச நேரம் நின்றேன். வந்துவிட்டேன்.

ஜூலை 19, புதன்

லெட்சுமி கடையில் இரண்டு தோசை தின்றேன். சட்னியில் உப்புக் கூடிவிட்டது. சொன்னேன். “மொத மொத வந்துட்டுக் குத்தம் வேறயா?” என்றாள். தண்ணீரும் குடித்தேன்.

ஆகஸ்ட் 28, திங்கள்

குழாய் வந்தது. பச்சைச் சாயம் பூசிய இரும்புத் தூண். தலையில் ஒரு குமிழ். அதை அழுத்திப் பிடித்தால்தான் தண்ணீர் வரும், விட்டால் நின்றுவிடும். ஒரு கையால் அழுத்திக்கொண்டு மற்றக் கையால் குடத்தைப் பிடிக்க வேண்டும். உள்ளே இருக்கிற சுருள் வில்லு கெட்டி. இரண்டு பேர் இருந்தால் சுலபம்.

லெட்சுமி பெண்பிள்ளைகளோடு முதல் ஆளாகப் போனாள். மேல் கடைவீதி முழுக்கக் கடைப்பலகைக்குப் பின்னால் நின்று பார்த்தது. அவள் குமிழில் கை வைத்தாள். யாரும் வரவில்லை. தண்ணீர் வந்தது. சேறு கலந்த தண்ணீர்தான். பிறகு தெளிந்தது.

பீலியைச் சீமெந்து வைத்து அடைத்துவிட்டார்கள். மூங்கிலை நான் எடுத்துவர நினைத்தேன். யாரோ விறகுக்குக் கொண்டுபோய்விட்டார்கள்.

செப்டம்பர் 4, திங்கள்

மேல் கடைவீதியில் ஒருவரும் குழாய்க்கு வருவதில்லை. எல்லாருக்கும் கிணறு போதுமாம். குழாய் எங்களுடையது போல ஆகிவிட்டது. இதையா கேட்டோம்?

செப்டம்பர் 17, ஞாயிறு

கச்சான் நிற்கவில்லை. வெயில். கிணற்றில் வாளி போட்டால் சேறு வருகிறதாம். இத்ரூஸ் சொன்னான்.

செப்டம்பர் 24, ஞாயிறு

காலையில் குழாயடியில் இருந்தேன். இப்போது அதன் பக்கத்துக் கல்லில்தான் உட்காருகிறேன்.

பிள்ளையின் மனைவி விசாலாட்சி அம்மாள் தானே குடம் எடுத்து வந்தார். வேலைக்காரிக்குக் காய்ச்சலாம். லெட்சுமி வாளி நிரப்பிக்கொண்டிருந்தாள். அம்மாள் தள்ளி நின்றார். குடத்தைத் தரையில் வைத்தார், எடுத்தார், மறுபடியும் வைத்தார். லெட்சுமி வாளியை நகர்த்தி இடம் விட்டாள்.

அம்மாள் குமிழை அழுத்தினார். கை வலுவில்லை, தண்ணீர் கொஞ்சம் வந்து நின்றது. இரண்டு கையாலும் அழுத்தினார். குடம் சாய்ந்தது.

“குடத்தைப் பிடிங்கம்மா. நான் அழுத்துறேன்” என்றாள் லெட்சுமி.

அம்மாள் கடைப்பக்கம் திரும்பிப் பார்த்தார். பிள்ளை அங்கே இல்லை. பிறகு குனிந்து குடத்தைப் பிடித்தார். லெட்சுமி அழுத்தினாள். குடம் நிறைந்தது. இடுப்பில் வைத்துக்கொண்டு போனார்.

உள்ளே போய் அதைக் கொட்டினாரா, பானையில் ஊற்றினாரா, எனக்குத் தெரியாது. கதவு சாத்தியிருந்தது.

கொஞ்ச நேரம் கழித்து இரண்டாவது குடத்தோடு வந்தார்.