தொட்டியில் பதினாறு யூசு

நவம்பர் 12

காலையில் வெளியே மைனஸ் ஏழு. தொட்டிக்குள் முப்பத்தொன்பது. சோதனைத் தாளை முக்கி எடுத்தேன். குளோரின் சரி, பி.எச். சரி. வடிகட்டியைக் கழற்றிக் கழுவி மாட்டினேன். மூடியின் மேல் கிடந்த பனியைத் தள்ளினேன். இந்த உலகத்தில் நான் சொன்னபடி நடக்கிற ஒரே பொருள் என் வெந்நீர்த் தொட்டிதான்.

மூடப்போகிற ஒரு பனிச்சறுக்கு விடுதியிலிருந்து இதை வாங்கி, கிரேன் வைத்துப் பின்கட்டில் இறக்கிய நாளிலிருந்து ஒபிஹிரோ ஊரே ஒரே கேள்வி கேட்கிறது: தெருவுக்கு ஒரு வெந்நீர் ஊற்று இருக்கும்போது இது எதற்கு? அந்த ஊற்றுகளின் பி.எச். யார் கையிலும் இல்லை. அதற்குத்தான்.

மாலை, நான் கட்டிக்கொள்ளப் போகிற சயோரி வந்தாள். தொட்டிக்குப் பக்கத்தில் குந்தியிருந்த என்னைப் பார்த்துவிட்டு, "இதுகிட்ட காட்டுற பாசத்துல கால்வாசியாவது மனுஷங்ககிட்ட காட்டேன் டெட்சுமா" என்றாள்.

மனிதர்களுக்குச் சோதனைத் தாள் கிடையாதே. நான் என்ன செய்ய?

நவம்பர் 15

இருபத்து மூன்றாம் தேதி, விடுமுறை நாளன்று, சயோரியின் அப்பா குவாஹதா வருகிறார். ஊருக்கு வெளியே உருளையும் சேனைபோல் ஒரு நீளக் கிழங்கும் பயிரிடுகிறவர். இதுவரை என்னைப் பார்த்ததில்லை.

"அவருக்குப் பிடிக்கலைன்னா நான் கல்யாணத்தைப் பதிவு பண்ண மாட்டேன். பிடிவாதம்னே வெச்சுக்கோ" என்றாள்.

"அவருக்கு என்ன பிடிக்கும்?"

"குளியல்."

வாய்விட்டுச் சிரித்தேன். ஜெயித்தாகிவிட்டது.

நவம்பர் 23

ஜெயிக்கவில்லை.

வந்தார். குளியலறையில் அரைமணி நேரம் தேய்த்துத் தேய்த்துக் கழுவிக்கொண்டார். பரவாயில்லை, நல்லதுதான், சோப்பு தொட்டிக்குள் வராது. பிறகு பின்கட்டுக்கு வந்து, தன் மர வாளியால் என் தொட்டித் தண்ணீரை மொண்டு மொண்டு தோளில் ஊற்றிக்கொண்டார். ஒவ்வொரு வாளிக்கும் தண்ணீர் மட்டம் இறங்கியது. நான் வாயைத் திறக்கவில்லை. அதுவே எனக்குப் பெரிய பொறுமை என்பதைப் பதிவு செய்கிறேன்.

உள்ளே போய் பீர் எடுத்து வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அவர் கொண்டுவந்த அன்பளிப்புப் பெட்டியில் குளியல் பொடிகள். பாக்கெட்டுக்கு ஒரு புகழ்பெற்ற ஊற்றின் பெயர். மரியாதைக்கு இரண்டைக் கொட்டியிருக்கிறார். நான் குமிழி விடும் காற்று விசையைப் போட்டு வைத்திருந்தேன். திரும்பி வந்தபோது தொட்டி விளிம்பைத் தாண்டி நுரை. நுரைக்கு நடுவே, அவித்த முட்டை மாதிரி, அவர் தலை.

"அருமையா இருக்குங்க ஒகிட்சு அவர்களே" என்று என் குடும்பப் பெயரை மரியாதையாகச் சொன்னது தலை.

"ஐயா, இது குளியல் தொட்டி இல்லை, இயந்திரம்! உங்க டிராக்டர் டாங்க்ல நான் சர்க்கரையைக் கொட்டினா சும்மா இருப்பீங்களா?"

அவர் வெளியே ஏறினார். பனியில் வெறுங்காலோடு, வெறும் உடம்போடு நின்று, இடுப்பை வளைத்து முறையாக வணங்கினார். "பெரிய தப்பு நடந்துபோச்சு. மன்னிக்கணுங்க."

நான் அப்போதும் பி.எச். பற்றி விளக்கிக்கொண்டிருந்தேன்.

அவருடைய ஈரத்துண்டு அதற்குள் பலகையாக உறைந்துவிட்டது. அதை அக்குளில் இடுக்கிக்கொண்டு சயோரியோடு காருக்குப் போனார்.

நவம்பர் 24

முழுத் தொட்டியையும் வடித்துக் கழுவினேன். குழாய்க்குள்ளிருந்து இன்னும் வெள்ளையாக வருகிறது. ஏதோ ஊற்றின் வாசனை. நல்ல வாசனைதான் என்பது இன்னும் எரிச்சல்.

சயோரி போன் செய்தாள். "வீடு வர்ற வரைக்கும் 'நல்ல பையன், நல்ல பையன்'னு சொல்லிட்டே வந்தார்."

"நல்லதுதானே?"

"எங்க அப்பா பிடிச்சவங்களைத் திட்டுவார். அம்மாவை, என்னை, நாயை, டிராக்டரை. உன்னை நல்ல பையன்ங்கிறார். முடிஞ்சுது கதை."

நவம்பர் 27

நான் சொன்னது சரிதான்.

நவம்பர் 28

சரிதான். ஆனால் உடுப்பில்லாமல் நிற்கிறவரிடம் சொல்லியிருக்க வேண்டாம்.

டிசம்பர் 6

இனிப்பு அவரைவிதை வைத்த கேக் வாங்கிக்கொண்டு அவர்கள் பண்ணைக்குப் போனேன், மன்னிப்புக் கேட்க.

கொட்டகை வாசலில் நிற்கும்போதே உள்ளே சத்தம் கேட்டது. கிழங்கு கழுவும் இயந்திரத்தை அவர் காலால் உதைத்து, அதன் வம்சத்தையே இழுத்துத் திட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் தொப்பியைச் சரிசெய்துகொண்டார். முகத்தில் புன்னகை வந்து ஒட்டிக்கொண்டது. "வாங்க, வாங்க. இந்தக் குளிர்ல இவ்வளவு தூரம் வந்திருக்கீங்களே."

பம்பில் நார் அடைத்திருக்கிறது என்று சத்தத்திலேயே எனக்குத் தெரிந்தது. வாயைத் திறந்தேன். பக்கத்தில் நின்ற சயோரி என் காலை மிதித்தாள்.

மெத்தை போட்டு உட்கார வைத்தார். தேநீர் இரண்டு முறை. கிழங்குப் பெட்டி தூக்க எழுந்தால், "அய்யோ, விருந்தாளி நீங்க, உக்காருங்க." சயோரியின் அம்மா, ஃபூமியே என்று பெயர், என்னை இரக்கத்தோடு பார்த்தார். நாய் வந்து குவாஹதாவின் காலணியைக் கவ்வியது. "டேய் தடியா, தண்டச்சோறு, போடா அந்தப் பக்கம்!" என்று அதன் காதைப் பிடித்து ஆட்டினார். நாய் வாலை ஆட்டியது.

எனக்கு ஒரு நாயின் மேல் பொறாமை. இருபத்தாறு வயதில்.

டிசம்பர் 14

சயோரி ஒரு திட்டத்தோடு வந்திருக்கிறாள். வருடத்திலேயே பகல் குறைந்த நாளன்று அப்பா, அம்மா இருவரையும் குளிக்கக் கூட்டி வருகிறாள். "இதுதான் கடைசி வாய்ப்பு. இதுக்கு மேல அவரை இழுத்துட்டு வர என்னால ஆகாது."

ஒரே நிபந்தனை. அன்று முழுக்க நான் தொட்டியைப் பற்றி ஒரு வார்த்தை பேசக்கூடாது. எச்சரிக்கை, ஆலோசனை, விளக்கம் — எதுவும்.

"பாராட்டலாமா?"

யோசித்தாள். "தண்ணி சூடா இருக்குன்னு சொல்லலாம்."

டிசம்பர் 17

தண்ணீர் சூடாக இருக்கிறது. தண்ணீர் சூடாக இருக்கிறது. நான் வேலை பார்க்கும் நீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தில் மதியம் முழுக்கப் பயிற்சி செய்தேன். மேலாளர் காய்ச்சலா என்று கேட்டார்.

டிசம்பர் 21

அய்யோ.

பல் தேய்க்கும்போதுதான் உறைத்தது. நாளைக்கு என்ன நாள்? பகல் குறைந்த நாள். நாட்டில் இருக்கிற எல்லா வீட்டுத் தொட்டியிலும் நாளைக்கு யூசு, அந்த வாசனை எலுமிச்சை, மிதக்கும். நானே பிறந்ததிலிருந்து அந்தப் பழங்களோடு மிதந்தவன்தான். மறுநாள் காலை அடைப்பானைப் பிடுங்கினால் தண்ணீரும் விதையும் போய்விடும். ஆனால் என் தொட்டியில் தினமும் பிடுங்குகிற அடைப்பான் கிடையாது. அதே தண்ணீர்தான் மாதக்கணக்கில் வடிகட்டி வழியாகச் சுற்றுகிறது. விதை, சதை, தோல், எண்ணெய்! குளோரினை எல்லாம் அந்த எண்ணெயே தின்றுவிடும். பம்ப் நின்றால் மைனஸ் பதினைந்தில் குழாய் வெடிக்கும்.

சயோரிக்குப் போன் போட்டேன். "உங்க வீட்டுல யூசு வாங்கியிருக்காங்களா?"

அவள் நிபந்தனையைத்தான் நினைவுபடுத்தினாள்.

"ஒரு வார்த்தைகூட, டெட்சுமா."

டிசம்பர் 22

பம்ப் நின்றது. விரல்கள் வேலை செய்யவில்லை. நாளை எழுதுகிறேன்.

டிசம்பர் 23

விரல்கள் பரவாயில்லை.

நேற்று மூன்று மணிக்கு வந்தார்கள். அந்த நாளின் வழக்கப்படி பூசணி வேக வைக்க சயோரியும் அவள் அம்மாவும் சமையலறைக்குள் போய்விட்டார்கள். குவாஹதா கழுவிக்கொண்டு பின்கட்டுக்கு வந்தார், கையில் யூசுப் பை. பதினாறு பழம். தொட்டி விளிம்பில் வரிசையாக அடுக்கி, வாசனை வரட்டும் என்று ஒவ்வொன்றின் தலையிலும் கத்தியால் குறுக்கே இரண்டு கீறல் போட்டார். நான் பார்த்துக்கொண்டே நின்றேன். பழத்தைத் தண்ணீரின் மேல் பிடித்துக்கொண்டு என்னை ஒரு பார்வை பார்த்தார். எதற்கோ காத்திருந்த மாதிரி இருந்தது.

"போடலாங்களா?"

"தண்ணி சூடா இருக்குங்க" என்றேன்.

"அப்படீங்களா" என்று சொல்லிவிட்டுப் போட்டார்.

எதிரெதிராக உட்கார்ந்தோம். தலையில் கம்பளித் தொப்பி. நடுவில் மஞ்சளாகப் பழங்கள் மோதிக்கொண்டு மிதந்தன. முதல் விதை உறிஞ்சு துளையை நோக்கிப் போவதை நான் பார்த்தேன். அவரும் பார்த்தார். இருவரும் வானத்தைப் பார்த்தோம்.

"தண்ணி சூடா இருக்குங்க" என்றார் அவர்.

"ஆமாங்க. நல்ல சூடு."

பம்ப் முனகத் தொடங்கியது.

"பக்கத்துல ஏதோ பறவை கத்துது போலிருக்குங்க" என்றார்.

"ஆந்தைங்க. இந்தப் பக்கம் நிறைய."

முனகல் அலறலாயிற்று.

"பெரிய ஆந்தைங்க" என்றார் குவாஹதா. நெற்றியில் வியர்வை.

அப்புறம் ஆந்தை செத்தது. குமிழி அடங்கியது. சின்னத் திரையில் 'ஓட்டம் இல்லை' என்று சிவப்பு எழுத்து.

"விதை!" என்று நான் கத்தினேன். "நார்!" என்று அவர் கத்தினார். ஒரே நேரத்தில்.

"தெரியுமா உங்களுக்கு? தெரிஞ்சே ஏன் போட்டீங்க?"

"தெரிஞ்சே ஏன்டா கல்லு மாதிரி உக்காந்திருந்தே? உன் தொட்டிதானேடா!"

"சயோரி பேசக்கூடாதுன்னு சொல்லிட்டா!"

"எனக்கும் அதையேதான்டா சொன்னா! உன் இயந்திரத்தைப் பத்தி ஒரு வார்த்தை வரக்கூடாதுன்னு. வேண்டாம்னு நீ சொல்லுவே சொல்லுவேன்னு கத்தியை வெச்சுக்கிட்டுக் காத்துக்கிட்டிருந்தேன். நீ தண்ணி சூடா இருக்குங்கிறே! சரி, புது மாதிரி போல, யூசு தாங்கும்னு நெனச்சேன். முட்டாள்!"

அதற்கு மேல் பேச நேரமில்லை. இரண்டு பேரும் அப்படியே வெளியே குதித்தோம். இடுப்பில் ஆளுக்கொரு சின்னத்துண்டு, தலையில் தொப்பி, அவ்வளவுதான். நான் பக்கப் பலகையைக் கழற்றி வால்வுகளை மூடினேன். அவர் டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு பம்பின் முன்னாலிருக்கும் சல்லடைக் கூடையைத் திருகினார்.

"யோவ், அந்தப் பக்கம் திருகினா இறுகும்யா!" என்று கத்திவிட்டேன்.

அவர் வாயிலிருந்து டார்ச்சை எடுத்தார். "டேய், நீ பொறக்கறதுக்கு முன்னாலேருந்து பம்பு கழட்டறேன் நான்! இப்படித்தான் வரும்!"

இறுகியது. "நான்தான் சொன்னேனே!" "வாயை மூடிட்டு ஒரு தட்டு தட்டுடா!" தட்டப்போன என் ஈரக்கை இரும்பு வளையத்தில் உறைந்து ஒட்டிக்கொண்டது. இழுத்தால் தோல் வரும். அவர் தன் மர வாளியில் தொட்டித் தண்ணீரை மொண்டு என் கையில் ஊற்றினார். ஒரு வாளி, இரண்டு வாளி. கை விடுபட்டது. தண்ணீர் மட்டம் இறங்கியதைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை. இது யார் போட்ட தடையும் இல்லை.

கூச்சல் கேட்டுச் சயோரி கதவைத் திறந்தாள். முகம் வெளுத்திருந்தது. அவள் கண்ட காட்சியை நான் கற்பனை செய்ய விரும்பவில்லை: இரண்டு முதுகுகள், ஆவி பறக்க, ஒரு பெட்டிக்குள் தலையை விட்டுக்கொண்டு, "குருட்டுப் பயலே, இன்னும் ஒரு விதை இருக்கு பாரு!" "உங்க கைதான்யா மறைக்குது!"

அவள் கதவை மெதுவாகச் சாத்தினாள். உள்ளே அவள் குரல் கேட்டது. "அம்மா, பூசணியை இறக்காதீங்க. ரெண்டு பேரும் பேசிக்கிட்டிருக்காங்க."

சதையும் விதையும் நாருமாக ஒரு கிண்ணம் வந்தது. கூடையை மூடி, வால்வைத் திறந்து, விசையைப் போட்டேன். ஒரு முக்கல். அப்புறம் அந்தச் சீரான ரீங்காரம். இருவரும் குழந்தைகள் மாதிரி கத்தினோம். பழங்களை அள்ளி வெளியே எறிந்துவிட்டு மறுபடி உள்ளே விழுந்தோம், வேறு வழியில்லை, விறைத்துப்போயிருந்தோம்.

சாப்பாட்டில்தான் தெரிந்தது. ஃபூமியே அம்மா யூசுவைக் கட்டிப்போட துணி துவைக்கும் வலைப்பை ஒன்று கொடுத்தனுப்பியிருக்கிறார். விதை வெளியே வராமலிருக்க. "எங்கே அது?" என்று கேட்டார். குவாஹதா தன் கோட்டுப் பையிலிருந்து மெதுவாக எடுத்து மேஜையில் வைத்தார்.

"வலையில போட்டா இவன் தொட்டியைக் குறை சொல்ற மாதிரி இருக்குமேன்னு..."

சயோரி மேஜையில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்தேன். இல்லை.

அதற்குப் பிறகு ஒரு மணி நேரம் அவர் என்னைத் திட்டினார். தொட்டியைக் காற்று வீசும் பக்கம் வைத்தது, பம்புக்கு முன்னால் இன்னொரு சல்லடை வைக்காதது, என் தலைமுடி, என் பூசணி தின்னும் விதம். நாயைவிடக் கொஞ்சம் அதிகமாகவே திட்டினார். நான் கணக்காகப் பார்த்தேன்.

டிசம்பர் 25

மூன்றாவது முறை தண்ணீர் மாற்றம். இன்னும் யூசு வாசனை. இருக்கட்டும்.

ஜனவரி 19

குவாஹதா அழைப்புமணி அடிக்காமல் வந்தார். நான் எழுந்திருப்பதற்குள் சோதனைத் தாளை முக்கி, குளோரின் குறைவு என்று தீர்ப்புச் சொல்லி, தானே அள்ளிப் போட்டும்விட்டார். அதிகம். சண்டை போட்டோம். குளித்தோம். கழுவாத உருளை ஒரு மூட்டையை வாசலில் எறிந்துவிட்டுப் போனார். அன்பளிப்புத் தாள் சுற்றவில்லை.

மூடியை மாட்டப் போனபோதுதான் கவனித்தேன். உள்கதவருகில் என் கொக்கியில், என் துண்டின் மேலேயே, அவர் துண்டு தொங்குகிறது. அடியில் அவர் மர வாளி கவிழ்த்து வைக்கப்பட்டிருக்கிறது.

மறந்துவிட்டார் என்று சயோரியிடம் போனில் சொன்னேன்.

"அப்பாவா? மறக்கிற ஆளா அவர்?" என்றாள்.

நாளை மூன்று கொக்கி வாங்க வேண்டும். அவருக்கு ஒன்று, அம்மாவுக்கு ஒன்று, மார்ச்சில் பெட்டியோடு இங்கே வரப்போகிறவளுக்கு ஒன்று. எந்த உயரத்தில் அடிப்பது என்று நானே முடிவு செய்துவிடக்கூடாது. அவர் வந்து திட்டிவிட்டு அடிக்கட்டும்.