இரண்டு கை, ஒரே ஓட்டு

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். உங்கள் முட்டிவலி குறைந்ததா?

எங்கள் மில்லில் கூட்டுறவுக் கடை திறந்துவிட்டோம்! எட்டு மணிக்கு ஷிப்டு முடிந்து வந்தால் வெளியே எந்தக் கடையும் திறந்திருக்காது என்று எழுதியிருந்தேனே? ஆறு மணிக்கே வீட்டுக்குப் போய்விடும் சூப்பர்வைசர், "ஆறுக்கே மூடணும்" என்றார். கடையில் பத்துப் பங்கு வாங்கிய தைரியத்தில் ஓட்டெடுப்பில் இரண்டு கையையும் தூக்கினார். ஒரே பங்கு வாங்கிய துப்புரவு அக்கா விடவில்லை.

"எத்தனை பங்குன்னாலும் ஆளுக்கு ஒரு ஓட்டுதான் சார். ஒரு கையை இறக்குங்க."

விழுந்து விழுந்து சிரித்தோம். இப்போது ஒன்பதுவரை கடை உண்டு. செயலாளர் உங்கள் மகள்தான்!

இனி சோப்பு, ஊசிநூல் அனுப்ப வேண்டாம். பார்சலை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். உள்ளே ஒன்றுமில்லாவிட்டாலும் பரவாயில்லை, நீங்கள் போடும் அந்த அவிழ்க்கவே முடியாத முடிச்சு வேண்டும்.

சங்கு ஊதிவிட்டது, ஓடுகிறேன்.

உங்கள் மகள்