எண்ணிக்கையில் ஒருத்தி கூடுதல்

13.03.2025, வியாழன். பூண்டுலோயா

ஆறு வருடம் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். சொல்ல ஆள் இல்லை. இந்தக் கொப்பியில் எழுதியாவது சொல்கிறேன்.

மண்சரிவு நடந்த அன்று காலை கொழுந்து பறிக்கும் பேச்சியம்மா தன் லயத்து வீட்டு வாசலில் நின்று, "காய்ச்சலா இருக்கு கண்டாக்கையா, பேர மட்டும் போட்டுடுங்க" என்றாள். காலையில் வேலைக்கு ஆள் எண்ணும் பெரட்டில் ஆள் குறைந்தால், தோட்டத்துத் துரை எல்லார் முன்னாலும் என்னைத் திட்டுவார்; வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு நான்தானே. அவரைவிட நான் படித்தவன். அது அவருக்குப் பொறுக்காது. நாற்றுமேடை வேலை என்று செக்ரோல் வருகைப் பதிவில் அவள் பெயரைப் போட்டேன். ஒன்பது மணிக்கு மலை சரிந்து லயத்தின் மேல் இறங்கியது.

செக்ரோலைப் பார்த்து, வேலைக்கு வராதவர்களின் வீடுகளைத்தான் தோண்டினார்கள். ஏழு பேரை எடுத்தார்கள். அவள் குடியிருந்த காம்பிராவை விட்டுவிட்டார்கள். "அவ பேர் செக்ரோல்ல இருக்குதானே?" என்று துரை கேட்டார். "இருக்கு சேர்" என்றேன்.

புருஷன் செல்லசாமியும் மகளும் அப்போது கொழும்பில். அவள் யாருடனோ வெளிநாட்டுக்கு ஓடிவிட்டதாக லயம் முடிவுகட்டியது. எல்லாம் அந்தத் துரையால்.

நாளை சுதர்ஷினியுடன் கோலாலம்பூர். கல்யாணமாகி இருபத்தைந்து வருடமாம். அவள் ஆசை.

15.03.2025, சனி. கோலாலம்பூர்

ஊர் பார்க்க இறங்கிய முதல் நாள்.

ஹட்டனிலிருந்து எங்களைக் கூட்டிவந்த நிரஞ்சன் காலையில் பஸ்ஸில் தலை எண்ணினான். நாங்கள் பத்துச் சோடி. "இருபத்தொண்ணு வருதே. யாராச்சும் சின்னவீட்டயும் கூட்டியாந்துட்டீங்களா?" சிரித்தார்கள். மறுபடி எண்ணினான். இருபது.

இரட்டைக் கோபுரத்தடியில் சுதர்ஷினி அண்ணாந்து பார்த்து, "மேகம் நம்ம ஊர்லதான் இவ்ளோ கீழ வரும்னு நெனச்சேன்" என்றாள். அந்தச் சந்தோஷ முகத்தைப் பார்த்து எத்தனை காலம்.

பத்துமலைப் படியில் பாதியில் நின்றாள். "அந்தக்கா ஏன் வெறுங்கால்ல வர்றாங்க? காலெல்லாம் மண்ணு."

எந்த அக்கா என்று கேட்டேன்.

"பஸ்ஸுல நமக்குப் பின்னால இருந்தாங்களே. மொகத்த மூடிக்கிட்டு, ஸ்வெட்டரோட."

இந்த வெயிலில் ஸ்வெட்டரா? எங்களுக்குப் பின்னால் கடைசி வரிசை. அதில் பைகள் மட்டும்தான் இருந்தன.

மேலே குகையில் சுதர்ஷினிக்குத் தோட்டத்திலிருந்து போன் வந்தது. பேச்சியம்மாவின் மகள் ஷாமிலாவுக்கு நுவரெலியாவில் பேசியிருந்த கல்யாணம் நின்றுவிட்டது. "ஓடிப்போனவ மக வேணாமுன்னுட்டாங்களாம். அந்தப் புள்ள சாப்பிடாம கெடக்காம்" என்றாள். பிறகு, "எந்த நாட்ல சொகமா இருக்காளோ, பாவி."

பாவி. நான் குகைச் சுவரில் கசியும் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

திரும்பும்போது நிரஞ்சனுக்கு எண்ணிக்கை மறுபடி குழம்பியது. பட்டியலை எடுத்துப் பெயர் கூப்பிட்டான். ஒவ்வொருவராகக் குரல் கொடுத்தோம். இருபதும் முடிந்தது. அதற்குப் பிறகு கடைசி வரிசையிலிருந்து ஒன்று — "இருக்கேங்க."

காய்ச்சல் குரல். இருபது வருடம் பெரட்டு எடுத்தவன் நான். எனக்கா தெரியாது?

நிரஞ்சன் தலை நிமிரவில்லை. பட்டியலில் ஒரு கோடு போட்டான். "போலாம்ண்ணே" என்றான் டிரைவரிடம்.

நானும் திரும்பிப் பார்க்கவில்லை. அன்றைக்கும் பார்க்கவில்லைதானே.

16.03.2025, ஞாயிறு

அறையை விட்டு நான் போகவில்லை. மாலையில் வந்த சுதர்ஷினி, "இன்னைக்கி எண்ணிக்க சரியா இருந்துச்சுங்க, இருபது" என்றாள். நான் இல்லாத பஸ்ஸில் எப்படி இருபது?

20.03.2025, வியாழன். பூண்டுலோயா

கடைத்தெருவில் செல்லசாமி வழிமறித்தான். குடித்திருக்கவில்லை. "வெளிநாடெல்லாம் போய்ட்டு வந்தீங்களாம் கண்டாக்கையா. எங்கயாச்சும் அவ கண்ணுல பட்டாளா?" சிரிக்கப் பார்த்தான், முடியவில்லை. "ஒரு வார்த்த சொன்னா போதும். புள்ளைக்கிட்ட சொல்லிருவேன்."

இல்லை என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன்? வாய்க்கு அதுதான் பழக்கம்.

வீட்டுக்கு வந்து கிராம சேவகருக்கு எழுதினேன். துரையைப் பற்றி முதலில் இரண்டு பக்கம் வந்தது, கிழித்துப் போட்டேன். மிஞ்சியது நாலு வரி. பேச்சியம்மா எங்கும் ஓடவில்லை. அன்று அவள் வேலைக்கே வரவில்லை. கண்டாக்கு பொய்யாகப் பெயர் போட்டான். அவள் காம்பிரா இருந்த இடத்தில், அடுப்படிப் பக்கம் தோண்டிப் பாருங்கள். அவள் மகளைக் குறை சொல்லாதீர்கள்.

மாப்பிள்ளை வீட்டுக்கு ஒரு பிரதி. செல்லசாமிக்கு ஒன்று.

கீழே பெயர் எழுதப் பேனாவை வைத்தேன். கை வரவில்லை. அந்த டிவிசனில் அப்போது ஒரே ஒரு கண்டாக்குதான், அது ஊருக்கே தெரியும். இருந்தும் வரவில்லை.

மூன்று உறையையும் ஒட்டிவிட்டேன். காலையில் கையெழுத்து இல்லாமலே தபாலில் போடுகிறேன்.