சாகாதவன் பெயர்

லிவர்பூல்
பிப்ரவரி 27, 1926

அன்புள்ள டார்கஸ்,

பயப்படாதே, பேய் எழுதவில்லை. உன் புருஷன் சைலஸ்தான். அந்தக் கப்பல் மூழ்கியது நிஜம். நான் அதில் ஏறவேயில்லை, குடித்துவிட்டுத் துறைமுகத்தில் கிடந்தேன். செத்தவர்கள் பட்டியலில் என் பெயரும் வந்ததும் தலைகாட்ட வெட்கமாகிவிட்டது. இப்போது குடியை விட்டாயிற்று. ஸ்டோக்லி தர்ம வீடுகளில் உனக்கு இடம் கிடைத்ததாகக் கேள்வி. எனக்கு முதுகு வளைந்துவிட்டது. நானும் வரட்டுமா?

உன் சைலஸ்

ஸ்டோக்லி
மார்ச் 2

சைலஸுக்கு,

பாவி மனுஷா! பிரித்துப் படித்தவள் அடுப்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். ஒன்பது வருஷம் கறுப்பு உடுத்தினேனே.

இங்கே விதவைகளுக்கு மட்டும்தான் இடம். முந்நூறு வருஷத்துக்கு முன் கட்டிய மகராசன் அப்படித்தான் எழுதிவைத்தார். பன்னிரண்டு வீட்டுக்கும் ஒரே முற்றம், எல்லா வாசலையும் பார்த்தபடி காப்பாளரின் ஜன்னல். பூனை வந்தாலும் தெரியும். வருகிறவர்கள் பணிவாக வரட்டும் என்று வாசலையும் தாழ்வாக வைத்துவிட்டார். ஞாயிறுதோறும் சிற்றாலயத்தில் ஒவ்வொருத்தியும் எழுந்து செத்த புருஷன் பெயரைச் சொல்ல வேண்டும். உங்கள் பெயரை நான் கணீரென்று சொல்வேன்.

நீங்கள் உயிரோடிருந்தால் நான் தெருவில். வராதீர்கள். எனக்காகச் செத்தே இருங்கள்.

டார்கஸ்

லிவர்பூல் துறைமுகம்
மார்ச் 9

டார்கஸ்,

நீ சொன்னது சரிதான். கனடா கப்பல் இன்று கிளம்புகிறது. இந்தத் தடவை நிதானமாகவே ஏறுகிறேன். செத்தவனுக்கு விலாசம் எதற்கு? நீ பயமில்லாமல் என் பெயரைச் சொல்.

சைலஸ்

ஸ்டோக்லி
மார்ச் 9

என் சைலஸ்,

ஞாயிற்றுக்கிழமை என் முறை வந்தது. எழுந்து நின்றேன், நாக்கு எழவில்லை. உயிரோடிருப்பவரைச் செத்தவர்களோடு சேர்த்துச் சொன்னால் பலித்துவிடுமோ என்று குலைநடுங்கிப் போனேன். பக்கத்து வீட்டு ஹெப்சிபா என் தொடையைக் கிள்ளினாள்.

"என்னடி, புருஷன் பேரே மறந்துபோச்சா?"

"மறக்கல. அந்த ஆளு இன்னும் சாகல."

சொல்லிவிட்டேன்! காப்பாளர் கையிலிருந்த பாட்டுப் புத்தகம் கீழே விழுந்தது. வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். என் தங்கை, தான் வேலை செய்யும் சலவைக்கூடத்துக்குப் பின்னால் நம் இருவருக்கும் ஓர் அறை பார்த்திருக்கிறாள். உங்கள் மேல் கோபம் தீரவில்லை, அதை நேரில் தீர்த்துக்கொள்கிறேன்.

சனிக்கிழமை தள்ளுவண்டியோடு வாருங்கள். பெட்டி கனம், ஒருத்தியால் தூக்க முடியாது. வாசலில் தலையைக் குனிந்து வாருங்கள். இடித்துக்கொண்டு செத்துத் தொலைக்காதீர்கள்.

உங்கள் டார்கஸ்