தும்மல் வராத மிளகாய்

அன்பின் தவமலருக்கு,
இணுவில் கந்தன் காவலிலை நீரும் பிள்ளையளும் சுகமெண்டு நம்புறன். நானும் டோகாவிலை சுகம். அனுமதி கேளாமல் பெருப்பிச்சது என்ரை வயிறு ஒண்டைத்தான்.

வெள்ளிக்கிழமை வீடியோவிலை கதைக்கேக்கை டொங்கு டொங்கெண்டு கேட்டுது. "என்னப்பா சத்தம்?" எண்டன். "மிளகாய் இடிக்கினம்" எண்டீர். ஒருத்தரும் தும்மேல்லையே! குசினிச் சுவரை மறைச்சுச் சேலையும் தொங்குது. குசினியைப் பெருப்பிக்கச் சுவரை உடைக்கிறீரோ?

எழுத்திலை கேளாமல் சுவரிலை கைவைச்சால் வீட்டை விடவேணும் எண்டு வீட்டுக்காரர் ஜெபசீலன் மாஸ்டரின்ரை வாடகை ஒப்பந்தத்திலை கிடக்கு. பிறகு லீவிலை வந்து நான் எந்தப் படலையைத் தட்டுறது?

வாற கிழமை உம்மடை தம்பி நிருஷன் இஞ்சை வரேக்கை அந்தத் தூளிலை ஒரு போத்தல் குடுத்துவிடும். இஞ்சத்தைக் கறி வாய்க்குப் பிடிக்குதில்லை. மிளகாய்த்தூள் வந்தால் நம்புறன். சீமெந்துத்தூள் எண்டால் உடனை மாஸ்டரிட்டை அனுமதி கேளும். எதுவெண்டாலும் போத்தலை நிரப்பி அனுப்பும்.

வேலைக்குப் போற பஸ் ஹோன் அடிக்குது.

உம்மடை
நடேசு